விதானையார் வாய் திறக்கவில்லை

ஏப்ரல் 24, புதன்

நாளை வான்கோழி வேட்டைக்காலம் தொடங்குகிறது. துவக்கைக் கழற்றித் துடைத்து எண்ணெய் பூசினேன். காட்டில் மறைந்திருக்கப் போடும் இலைச்சட்டையை என் மனைவி மங்கை மல்லிகை வாசத் தூள் போட்டுத் தோய்த்துவிட்டாள். வான்கோழிக்கு மணம் பிடிக்கத் தெரியாது என்பதால் மன்னித்தேன். கண் இருக்கிறதே, அது வேறு விஷயம். முந்நூறு யார் தூரத்தில் நான் இமை கொட்டுவதை அது காணும்.

பின்னேரம் மயூரன் வந்தான். எனக்கு ஒரே மகன், கட்டட எஞ்சினியர், எல்லாவற்றிலும் விரிசல் தேடுகிறவன். இந்த வசந்தத்தோடு வேட்டையை விட்டுவிட வேண்டுமாம். ஏனென்று கேட்டேன்.

"இப்ப கராஜுக்குள்ள உங்களுக்குப் பின்னால நிண்டு மூண்டு தரம் கூப்பிட்டனான் அப்பா. நீங்கள் திரும்பவே இல்லை. பத்தைக்குள்ள துவக்கோட இருக்கேக்க ஆரும் அப்பிடி வந்தா?"

துவக்கு துடைக்கிற மனிதன் துவக்கைத்தான் கவனிப்பான் என்றேன். என் காதைப் பற்றி இவன் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் சண்டைக் காலத்தில் கோட்டை ஆமி முகாமிலிருந்து ஷெல் குத்தும் சத்தத்தை வைத்து அது எங்கே விழும் என்று சொன்ன காது இது. பங்கருக்குள் இவனை மடியில் வைத்திருந்த மங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். ஒரு தரம் அழுத்தினால் எங்களைத் தாண்டிப் போகிறது என்று அர்த்தம். இரண்டு தரம் அழுத்தினால் வருகிறது, குனி. ஒரு நாளும் தவறியதில்லை. தவறியிருந்தால் இவன் எஞ்சினியராகி இங்கே வந்து கதைத்துக்கொண்டிருக்க மாட்டான்.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். மே மாதம் முடிவதற்குள் என் கூப்பாட்டுக்கு ஒரு வான்கோழிச் சேவல் வர வேண்டும். வராவிட்டால் துவக்கு அவனுடையது, விற்பான். துவக்கு அலுமாரியின் இரண்டாவது திறப்பைக் கழற்றித் தன் சாவி வளையத்தில் கோத்துக்கொண்டு போனான். வீடு வாங்க வந்தவன் மாதிரி.

ஏப்ரல் 25, வியாழன்

விடிவதற்கு முன்பே ஹெங்கின் பண்ணைக்குப் போய்விட்டேன். நாங்கள் இருக்கும் ஒஷாவாவிலிருந்து வடக்கே ஒரு மணித்தியாலம். ஹெங்க் ஒல்லாந்துக்காரன், மாடு வளர்க்கிறான். பன்னிரண்டு வருடமாகத் தன் காணியில் வேட்டையாட என்னை விடுகிறான், பதிலுக்கு மங்கையின் மிளகாய்ப் பொரியலை வாங்கிக்கொண்டு.

சோள வயலின் ஓரத்தில் பெரிய மேப்பிள் ஒன்று நிற்கிறது. அதன் அடியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். வெளிச்சம் கசிகிற நேரம்தான் முக்கியம். மரத்தில் அடைந்திருக்கும் சேவல்கள் இறங்குவதற்கு முன் ஊருக்கே கேட்கும்படி கொக்கரிக்கும். அதை வைத்துத்தான் எந்த மரம், எத்தனை சேவல், எந்தப் பக்கம் என்று பிடிப்போம். கொக்கரிப்பு இல்லாத காலையில் வேட்டைக்காரன் கண்ணைக் கட்டிக்கொண்டு இருப்பவன்தான்.

இன்று ஒரு சத்தமும் இல்லை.

ஆனால் அவரைக் கண்டேன், அந்தப் பெரிய சேவலை. சூரியன் ஏறிய பிறகு வயலின் மறு அந்தத்தில், மூன்று பேடுகளுக்குப் பின்னால் நடந்து வந்தார். நெஞ்சுத் தாடி நிலத்தைத் தொடுகிறது. போன வருடத்தைவிடப் பெருத்திருக்கிறார். நான் சின்னவனாக இருந்தபோது எங்கள் ஊரில் அரசாங்கம் வைத்த ஊர்த் தலைமைக்காரராக ஒரு விதானையார் இருந்தார். வயிற்றை முன்னுக்கு அனுப்பிவிட்டுப் பின்னால் வருவார். கோபம் வந்தால் கழுத்து சிவக்கும். அந்த நடை, அந்தக் கழுத்து. முதல் தரம் கண்ட அன்றே பெயர் வைத்துவிட்டேன்.

விதானையார் வயலைத் தாண்டிப் பற்றைக்குள் போகும்வரை வாய் திறக்கவில்லை.

திரும்பி வரும்போது மாட்டுக்கொட்டில் வாசலில் ஹெங்க், இன்று காலை பறவைகள் காடு அதிரக் கத்தினவே, நல்ல நாளாக இருந்திருக்குமே என்றான். ஒல்லாந்துக்காரர் முகத்தை அசைக்காமல் பகிடி விடுவார்கள். நான் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 27, சனி

மழை. போகவில்லை. குசினிக் குழாய் இரவு முழுக்கச் சொட்டித் தன்னை நித்திரை கொள்ள விடவில்லை என்று மங்கை சொன்னாள். நான் அருமையாக நித்திரை கொண்டேன். இருந்தாலும் குழாயின் ரப்பர் வளையத்தை மாற்றினேன். பழைய வளையம் உண்மையில் தேய்ந்துதான் இருந்தது.

ஏப்ரல் 30, செவ்வாய்

பேடு மாதிரிக் கத்திச் சேவலை வரவழைக்கக் கடையில் விற்கிற கூப்பாட்டுக் கருவிகளை நான் பாவிப்பதில்லை. எனக்கு இந்த வித்தையை ஒருவரும் சொல்லித் தரவில்லை. நூலகத்திலிருந்து ஒலிநாடா எடுத்து, வேலைக்குப் போகும் காரில் போட்டு, பேடு எப்படிக் கேறும் என்று நானாகப் படித்தேன். கருவியும் நானே செய்தது. ஒரு சிரட்டை, அதன் வாயில் ஒட்டிய சிலேட்டுத் துண்டு, உரசுவதற்கு வைரம் பாய்ந்த பனங்குச்சி. சிரட்டையும் குச்சியும் மங்கை ஊரிலிருந்து கொண்டுவந்த கூழ் அகப்பையில் இருந்தவை. அந்த அகப்பையைப் பற்றி இன்னமும் வருடத்துக்கு ஒரு தரம் கதைக்கிறாள்.

இந்தக் கருவிக்குப் பதில் சொல்லாத சேவல் இந்தப் பக்கத்தில் இருந்ததில்லை. இன்று அரை நாள் உரசினேன். பதில் இல்லை. சத்தம் காணாதோ என்று இன்னும் அழுத்தி உரசினேன். குச்சி நுனி தேய்ந்ததுதான் மிச்சம்.

மே 3, வெள்ளி

வெள்ளி. வீட்டில் மரக்கறி. மங்கை வெள்ளியில் துவக்கைத் தொட விடமாட்டாள்.

மே 6, திங்கள்

விதானையாரைப் பற்றி ஒரு விஷயம் எழுத வேண்டும். கோபத்தோடு எழுதினாலும் உண்மை உண்மைதான்.

நான் மேப்பிளின் அடியில் இருப்பது அவருக்குத் தெரியும். நான் வைத்த பொம்மைப் பேடும் தெரியும். இன்று அதை நாற்பது யாருக்கு அப்பால் நின்று பார்த்தார். ஒரு பக்கக் கண்ணால் பார்த்து, பிறகு தலையைத் திருப்பி மறு கண்ணாலும் பார்த்தார். கலியாணப் பேச்சுக்கு வந்த மாமனார் மாப்பிள்ளையைப் பார்க்கிற பார்வை. பிறகு வெயில் படும் இடமாகப் பார்த்து நின்று வாலை விசிறியாக விரித்தார். செம்பும் பச்சையும் கருநீலமும் ஒன்றுக்குள் ஒன்று ஓடின. செட்டைகள் இரண்டும் மண்ணில் கோடு கீறின. எனக்குக் காட்டுவதற்காகத்தான் செய்தார் என்று சத்தியம் பண்ணுவேன். செய்துவிட்டு, எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு மரம் வரும்படியாகவே நடந்து, அப்படியே மறைந்தார். ஒரு அடிகூடப் பிசகவில்லை.

நாலு வசந்தம் இந்தக் காட்டில் தப்பியவர். கயோட்டி நரிக்குத் தப்பினார், பனிக்குத் தப்பினார், எனக்கும் தப்பினார். மரியாதை கொடுக்க வேண்டியவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் ஏன் ஒரு சத்தமும் இல்லை? வாய் திறந்தால் சாவு என்று கண்டுபிடித்திருப்பார். மேற்கே புதிதாக நட்டிருக்கிற காற்றாலைகளும் காரணமாக இருக்கலாம். இந்த நாட்டில் எல்லாமே சத்தம் குறைந்துகொண்டு வருகிறது. தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர்கள் வாய்க்குள் வாசிக்கிறார்கள். கோயிலில் ஐயருக்குக் கொடுத்த ஒலிவாங்கி உதவாது. சொன்னால் கோயில் சபைத் தலைவர் சிரிக்கிறார்.

மே 9, வியாழன்

போனேன். பார்த்தேன். சத்தமில்லை. வந்தேன்.

நான் இல்லாத நேரம் மயூரன் வந்து காதுப் பரிசோதனை நிலையம் ஒன்றின் விளம்பரத் தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதில் ஒரு வெள்ளைக்காரக் கிழவன் தன் காதைப் பிடித்துக்கொண்டு சந்தோஷமாகச் சிரிக்கிறான். நாலாக மடித்து மேசைக் காலுக்கு அடியில் வைத்தேன். இரண்டு வருடமாக ஆடிக்கொண்டிருந்த மேசை இப்போது ஆடவில்லை. நல்ல தடித்த தாள்.

இருபத்தெட்டு வருடம் தகடு அடிக்கிற தொழிற்சாலையில் நின்றவன் நான். எல்லோரும் காதுக்குள் மஞ்சள் பஞ்சு செருகினார்கள், நான் செருகவில்லை. அச்சு ஒரு நூல் விலகினாலும் சத்தத்தில் எனக்குத் தெரியும். மேற்பார்வையாளர் வந்து என்னைத்தான் கேட்பார். அந்தக் காதுக்கு விளம்பரத் தாள்.

மே 14, செவ்வாய்

மங்கை கடைக்குப் போகும்போது, குக்கர் மூன்று தரம் விசிலடித்ததும் அடுப்பை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனாள். நான் குசினிக் கதிரையிலேயே இருந்து பத்திரிகை வாசித்தேன். குக்கர் விசிலடிக்கவே இல்லை. அவள் வந்து கதவைத் திறக்கும்போது பருப்பு கரியாகி வீடெல்லாம் புகை.

விசில் அடைத்துவிட்டது என்றேன். கழற்றிப் பார்த்தேன். அடைப்பு ஒன்றும் இல்லை. இந்தக் காலத்துச் சாமான்களே இப்படித்தான்.

மங்கை ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். குக்கரைத் தேய்த்துக் கழுவினாள். பிறகு வெறும் தண்ணீர் விட்டு அடுப்பில் வைத்தாள். பக்கத்தில் நின்று குக்கரைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பத்திரிகையைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து அடுப்பை நிறுத்தினாள்.

"அடிச்சதோ?" என்று கேட்டேன்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்கு எதிரே இருந்தாள்.

"நாளையிண்டைக்கு நானும் உங்களோட வரட்டே?"

கலியாணம் முடித்து நாற்பத்தாறு வருடம். இந்தக் காட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காதவள். குளிர் என்பாள், பாவம் என்பாள். அவளுடைய இலைச்சட்டைக்கு எங்கே போவது என்று கேட்டேன். பச்சைச் சேலை இருக்கிறது என்றாள்.

மே 16, வியாழன்

சேலை கட்டவில்லை. மயூரனின் பழைய பச்சைக் குளிர்ச்சட்டை, தலையில் கம்பளித் தொப்பி. மேப்பிளின் அடியில் நான் காட்டிய இடத்தில் இருந்தாள். அசையாமல் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். உண்மையைச் சொன்னால், எனக்குக்கூட அப்படி இருக்க வராது. விடியும் நேரம் மட்டும் தலையை மெல்ல இடது பக்கம் திருப்பினாள். கொஞ்சம் கழித்து மறுபடியும். பிறகு வலது பக்கம். என்ன என்று சைகையில் கேட்டேன். தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாள்.

நான் சிரட்டையை எடுத்து உரசியபோது தோளைச் சுருக்கினாள். குளிராக்கும் என்று நினைத்தேன்.

ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். காரில் பாதி வழி வந்ததும் கேட்டாள்.

"இண்டைக்கு எத்தினை தரம் கத்தினது தெரியுமே உங்களுக்கு?"

"ஒண்டும் கத்தேல்லை."

"நான் எண்ணுறதை விட்டிட்டன்."

காரை ஓரமாக நிறுத்தினேன். அவளுக்கு வான்கோழியின் சத்தம் என்றால் என்னவென்று தெரியுமா, காகத்தைக் கேட்டிருப்பாள், ஹெங்கின் மாட்டைக் கேட்டிருப்பாள் என்று சொன்னேன். மகனோடு சேர்ந்து ஏற்பாடு செய்து வந்தாளா என்றும் கேட்டேன். அவள் முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"நீங்கள் அந்தச் சிரட்டையைப் போட்டு உரஞ்சினவுடன அது அப்பிடியே நிண்டிட்டுது. அந்தச் சத்தத்துக்குப் பேய் கூட ஓடும். அகப்பையாவே இருந்திருக்கலாம், பாவம்."

காரை எடுத்தேன்.

மே 17, வெள்ளி

பேச்சில்லை.

மே 19, ஞாயிறு

பிட்டும் மாம்பழமும். பேச்சில்லை. பிட்டு நன்றாக இருந்தது. சொல்லவில்லை.

மே 22, புதன்

தனியாகப் போனேன். இலை அசையாத காலை. பனிப்புகார் வயலின் மேல் வெள்ளை வேட்டி விரித்த மாதிரிக் கிடந்தது. அதற்கு மேலாக விதானையாரின் தலை மட்டும் தெரிந்தது. தூரக்கண்ணாடியை எடுத்தேன்.

நூறு யார் இருக்கும். தனியாக நின்றார். தலை வெள்ளையும் நீலமும், கழுத்து செக்கச்செவேல். ஒரு தரம் நிமிர்ந்தார். கழுத்தை முன்னுக்கு எறிந்தார். அலகு திறந்தது. கழுத்துத் தசை முழுதும் குலுங்கியது. பக்கத்து மரத்திலிருந்து இரண்டு காகங்கள் கிளம்பின. அலகு மூடியது.

கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதே மாதிரி. வேலிக்கு அப்பால் ஹெங்கின் கன்றுக்குட்டி தலையைத் தூக்கி அவர் பக்கம் பார்த்தது.

மூன்றாவது தரமும் பார்த்தேன். சேவல் கொக்கரிக்கும்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறேன்.

காற்று எதிர்ப்பக்கமாக அடித்தது. அப்படிக் காற்றில் ஒருவருக்கும் கேட்காது.

நேரத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். புல் வெட்டவில்லை. மத்தியானம் சாப்பிடவும் மனமில்லை.

மே 23, வியாழன்

புல் வெட்டினேன்.

மே 25, சனி

மயூரன் தொலைபேசியில் கூப்பிட்டு மே முடிகிறது என்று ஞாபகப்படுத்தியிருக்கிறான். மங்கைதான் பேசினாள். அவள் கதைப்பதை வாசலில் நின்று பார்த்தேன். என்ன சொன்னாள் என்று தெரியாது. நான் நிற்பதைக் கண்டும் அவள் அப்பால் போகவில்லை. முகத்தைப் பார்த்தால் என்னைத் திட்டுகிற முகமாக இல்லை. யாருக்கோ தவணை கேட்கிற முகம்.

மே 28, செவ்வாய்

இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன், வியாழக்கிழமை காலை தேத்தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு வர ஒரு ஆள் வேண்டும், எனக்குத் தோள் நோகிறது என்று.

மங்கை இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்.

"எந்தத் தோள்?"

"ரெண்டும்."

"வாறன். ஆனா அந்தச் சிரட்டையை நான் சொல்லுற மாதிரித்தான் உரஞ்ச வேணும்."

"உமக்கு அதைப்பற்றி என்ன தெரியும்?"

"அது என்ரை அகப்பை."

சம்மதித்தேன். வேறு வழியும் இல்லை. வெள்ளிக்கிழமை முப்பத்தொன்று, மங்கை வரவும் மாட்டாள், என்னை விடவும் மாட்டாள். ஆகவே வியாழன்தான் கடைசி.

மே 30, வியாழன்

ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன்.

இருட்டில் வயல் ஓரமாக நடந்தோம். மங்கை எனக்கு முன்னால் போனாள். ஒரு குச்சியைக்கூட மிதித்து முறிக்கவில்லை. ஊரில் ஆமிக்காரனின் காவல் சென்ற்றிக்குப் பின்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்து பழகிய கால்கள். மேப்பிளின் அடியில் இரண்டு பேரும் தோளோடு தோள் சாய்ந்து இருந்தோம். துவக்கை முழங்காலின் மேல் வைத்து வலது கையால் பிடித்துக்கொண்டேன். இடது கை சும்மா இருந்தது.

மங்கை கையுறையைக் கழற்றிவிட்டு என் இடது கையைப் பிடித்தாள்.

கிழக்கு வெளுத்தது. எனக்கு எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது, கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்க்கிற மாதிரி. அப்போது அவள் என் கையை அழுத்தினாள். ஒரு தரம்.

நாங்கள் இதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பங்கருக்குள் நான் எப்படி இருந்தேனோ அப்படி இருந்தாள், கண்ணை ஓரிடத்தில் குத்தி, தலையைக் கொஞ்சம் சாய்த்து. ஒரு தரம் அழுத்தினால் போகிறது.

மறுபடி ஒரு தரம். பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. சூரியன் வந்தது. தூரத்தில் பேடுகள் வயலில் இறங்கின. அவர் அவற்றோடு போய்விடுவார் என்று நினைத்தேன். துவக்கை மயூரன் எந்தக் கடையில் விற்பான் என்றுகூட யோசித்தேன்.

மங்கை சிரட்டையை என் கையில் வைத்தாள். குச்சியையும் தந்தாள். நான் உரசினேன். உடனே தன் உள்ளங்கையைக் கவிழ்த்துப் பதித்துக் காட்டினாள், குழந்தை நித்திரை, மெல்ல என்கிற மாதிரி. மெல்ல உரசினேன். இன்னும் பதித்தாள். இன்னும் மெல்ல. இன்னும். எனக்கு இப்போது ஒன்றுமே கேட்கவில்லை. விரல் நுனியில் சிரட்டை அதிர்வது மட்டும் தெரிந்தது, பூனையின் முதுகில் கை வைத்த மாதிரி. அப்போதுதான் மங்கை தலையை ஆட்டினாள். அதுதான். அப்படியே.

மூன்று தரம் உரசினேன். ஒன்றும் இல்லாததை உரசுவது மாதிரி இருந்தது.

மங்கை சிரட்டையை வாங்கித் தன் மடியில் கவிழ்த்து வைத்தாள். நான் மறுபடி கேட்டுக் கையை நீட்டினேன். தரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கால் மரத்துவிட்டது. அவளுக்கும் மரத்திருக்கும், அவளுக்கு முழங்காலில் வாதம். அசையவில்லை. பன்னிரண்டு வருடமாக நான் தனியே போய் இருந்த இடம் அது. இப்படி இருக்கக்கூடிய ஒருத்தியைக் குசினியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

அவள் அழுத்தினாள். இரண்டு தரம்.

வருகிறது.

நான் பார்த்துக்கொண்டிருந்தது வயலை. அவளுடைய பெருவிரல் என் கையை இடது பக்கம் தள்ளியது. கண்ணை மட்டும் திருப்பினேன். பற்றைக்குள், காய்ந்த பன்னச் செடிகளுக்கு நடுவில், ஒரு வெள்ளைத் தலை. இல்லை. இருந்தது. பிறகு ஒரேயடியாக அவர் வெளியே வந்தார்.

இத்தனை கிட்ட நான் அவரைக் கண்டதில்லை. இருபது யார். வெயில் அவருக்குப் பின்னால். வால் முழுதும் விரிந்து, ஒவ்வொரு இறகின் ஓரத்திலும் பழுப்புக் கரை. நெஞ்சில் வெண்கலப் பானையைத் துலக்கி வைத்த மாதிரி மினுக்கம். காலில் இருந்த முள்ளைக்கூடக் கண்டேன், ஒரு விரல் நீளம், வளைந்தது. அவர் நிமிர்ந்தார். கழுத்தை எறிந்தார். அலகு திறந்தது. மங்கையின் கை என் கைக்குள் துள்ளியது. அந்தத் துள்ளலில்தான் அவர் எவ்வளவு பெரிய சத்தம் போட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

நான் சத்தமில்லாமல் கூப்பிட்டேன். அவர் சத்தமில்லாமல் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். நடுவில் இருந்தவளுக்கு எல்லாம் கேட்டது.

மங்கை கையை விட்டாள். இரண்டு கையாலும் தன் காதைப் பொத்தினாள். நான் சுட்டேன்.

விழுந்த இடத்திலேயே கிடந்தார். கஷ்டப்படவில்லை. மங்கை மெல்ல எழும்பி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்து போய், பக்கத்தில் குந்தியிருந்து செட்டையைத் தடவினாள். பாவம் என்று சொல்லப்போகிறாள் என்று எதிர்பார்த்தேன்.

என் பக்கம் திரும்பி, நான் அவள் வாயைப் பார்க்கும்வரை பொறுத்து, மெதுவாகச் சொன்னாள்.

"என்ன வடிவான மனுசன்."

மே 31, வெள்ளி

இறகு பிடுங்கித் துப்புரவாக்கிக் குளிர்ப்பெட்டியில் வைத்தேன். மங்கை அந்தப் பக்கமே வரவில்லை. வால் விசிறியைப் பலகையில் விரித்து உப்புப் போட்டுக் காய வைத்திருக்கிறேன். ஹெங்குக்கு ஒரு போத்தல் மிளகாய்ப் பொரியல் மேலதிகமாகக் கொடுக்க வேண்டும். அவன் அன்று சொன்னது பகிடி இல்லை.

ஜூன் 1, சனி

மயூரன் சாப்பிட வந்தான். சேவல் கிழடு, கறி அடுப்பில் காலையிலிருந்து கிடந்தது. மங்கை தேங்காய்ப்பால் குறைத்து, சரக்குத்தூள் போட்டுப் பிரட்டியிருந்தாள். அவன் இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டு, வந்த விஷயத்துக்கு வந்தான்.

"அப்ப உங்கட கூப்பாட்டுக்குத்தான் வந்ததோ அப்பா?"

மங்கை முந்திக்கொண்டாள். ஓம், அவர்தான் கூப்பிட்டவர், நான் பக்கத்திலேயே இருந்தனான், என்ன மாதிரிக் கூப்பிட்டவர் தெரியுமோ என்று அடுக்கிக்கொண்டு போனாள். அவள் வாயை முழுதும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்காகப் பொய் சொல்லவில்லை. ஆனால் பாதியைச் சொல்லாமல் விட்டாள். என் துவக்குக்காக விட்டாள். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் ஒப்பந்தம் போட்டவன்.

"கூப்பிட்டது நான்," என்றேன். "கேட்டது அம்மா."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு தாயைப் பார்த்தான். மயூரன் கையைக் கழுவிவிட்டு வந்து, தன் வளையத்திலிருந்து அலுமாரித் திறப்பைக் கழற்றினான். என்னிடம் தரவில்லை. மங்கையின் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தான். நியாயமான தீர்ப்புத்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அவன் போன பிறகு குனிந்து மேசைக் காலுக்கு அடியில் இருந்த தாளை எடுத்தேன். மேசை மறுபடி ஆடுகிறது.

ஜூன் 4, செவ்வாய்

காதுப் பரிசோதனை. ஒரு சின்னப் பெண்பிள்ளை என்னை ஒரு பெட்டிக்குள் பூட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னாள். சத்தமே வைக்காமல் என்னை ஏமாற்றினாள் என்று நினைக்கிறேன். கீறிக் காட்டிய கோடு மலையிலிருந்து விழுகிற மாதிரி இருந்தது. மங்கை அதை நெடுநேரம் பார்த்தாள்.

ஜூன் 18, செவ்வாய்

இரண்டு காதிலும் மாட்டிவிட்டார்கள். பயறு அளவுதான். முதலில் என் சப்பாத்து சத்தம் போட்டது. பிறகு என் சட்டை. கார் திரும்பும்போது டிக் டிக் என்று ஒரு சத்தம் வந்தது. எஞ்சினில் ஏதோ பிழை என்று மங்கையிடம் சொன்னேன். சைகை விளக்குப் போட்டால் எப்போதும் அப்படித்தான் கேட்கும் என்றாள்.

ஐயரின் ஒலிவாங்கியைப் பற்றித் தலைவரிடம் இனிக் கதைப்பதில்லை. செய்தி வாசிப்பவர்கள் பற்றிய என் அபிப்பிராயம் மாறவில்லை. இப்போது கேட்கிறது, கேட்கும்படியாக ஒன்றும் இல்லை.

பின்னேரம் நான் முன் அறையில் சிரட்டையின் சிலேட்டைத் தேய்த்துக்கொண்டு இருந்தேன். குசினியில் மங்கை கறிக்கு வெட்டிக்கொண்டு இருந்தாள். கத்தியின் சத்தம் கேட்டது. அதோடு அவள் குரலும் கேட்டது. தொலைபேசி மேசையில் கிடந்தது. வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. தனக்குத்தானே கதைத்துக்கொண்டு இருக்கிறாள். இதில் நன்றாகப் பழகின ஆள் கதைக்கிற மாதிரி. எத்தனை வருடமாக இப்படிக் கதைக்கிறாளோ தெரியாது.

"...விடாக்கண்டன். பருப்பை எரிச்சுப்போட்டு விசிலில பிழையாம். அகப்பையை உடைச்சுப்போட்டு அதுக்கும் ஒரு கதை. ஆனா அண்டைக்கு எவ்வளவு மெல்லமா உரஞ்சினது அந்தக் கை... மயூரன் பிறந்த புதிசில அவனைத் தடவினது மாதிரி..."

எனக்குக் கேட்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். எடுத்த வாயை மூடிக்கொண்டேன்.

சேவல் கிட்ட வருகிற நேரத்தில் கூப்பிடக்கூடாது. சிரட்டையை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு அசையாமல் இருந்தேன்.